திட்டியில் ஒரு கதிரை

ஹாசிமுக்கு வீட்டுக்குள் சோறு இறங்காது. பீங்கானைக் கையில் எடுத்துக்கொண்டு முற்றத்துப் பூவரசுக்குக் கீழே போய்விடுவார். தூறல் விழுந்தாலும் அப்படித்தான். முப்பத்தொரு வருடம் ஜுனைதா இதற்காகச் சிரித்திருக்கிறாள், சண்டையும் பிடித்திருக்கிறாள். பிறகு எதற்கு இவ்வளவு பெரிய வீடு என்று கேட்டிருக்கிறாள்.

"அது ஒனக்கு" என்பார்.

மதுரங்குளிச் சந்தியில் அவருக்குத் தையல் கடை இருந்தது. சனி முதல் வியாழன் வரை மெஷினுக்கு மேல் குனிந்திருப்பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தால் பள்ளிவாசல்துறைக் கரையில் நிற்பார். தம்பி மிஹ்லாரின் தோணியில் ஏறிக் களப்பின் நடுவே இருக்கும் மணல் திட்டிக்குப் போவார். இரண்டு வளவு அகலம் கொண்ட வெறும் மணல் அது. மூன்று கல் வைத்து, தேங்காய்ப் பொச்சுமட்டையில் தீ மூட்டி, தேத்தண்ணி ஊற்றுவார். மகள் முஃப்லிஹா நீந்தப் பழகியது அங்கேதான். கூட்டல் பழகியதும் அங்கேதான், நாரைகளை எண்ணி. கழுத்தில் எப்போதும் கிடக்கும் அளவு நாடாவை ஹாசிம் தூரத்து நாரைக்கு நேரே நீட்டிப் பிடிப்பார். "கழுத்து இருபது இஞ்சி. இதுக்குக் கொலர் வைக்கேலா" என்பார். பிள்ளை மணலில் உருண்டு சிரிக்கும்.

கடந்த டிசம்பர் கடைசி வெள்ளி அவர் ஜுனைதாவையும் கூப்பிட்டார். சில மாதங்களாகவே அவள் போவதில்லை.

"மணல்ல குந்தி எழும்ப என்ட முழங்காலுக்கு ஏலா" என்றாள் அவள். "கதிரை போட்டு வைங்க, வாறன்."

அவர் மிஹ்லாரோடு மட்டும் போனார். பொழுது சாயத் திரும்பி வந்து, காலிலிருந்த மணலைத் தட்டியபடி, "அடுத்த வெள்ளி நீ வாறாய்" என்றார்.

"பாப்பம்" என்றாள் ஜுனைதா.

மறுநாள் பகல் பதினொரு மணிக்குத் தைத்துக்கொண்டிருந்த சட்டையின் மேல் தலையை வைத்தவர் எழும்பவில்லை. ஐம்பத்தெட்டு வயது.

அன்றிலிருந்து ஜுனைதா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. முஃப்லிஹா சுவர்க் கலண்டரில் மே எட்டாம் திகதியைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு வைத்திருந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வட்டத்தில் யாரும் சந்தேகப்படவில்லை. அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஜுனைதா றமழானைக் கழித்தாள், பெருநாளைக் கழித்தாள். வெயில் வாசல் நிலையைத் தாண்டி உள்ளே வந்து, நிலத்தில் கொஞ்ச நேரம் கிடந்து, திரும்பிப் போகும். வெளியே போக ஆசைப்படாத மனுசி அவள். இப்போது வெயில் போகும் நேரம் அவளுக்கு மனப்பாடம்.

ஆறாம் திகதி பின்னேரம் மிஹ்லார் வந்தான். வழக்கம்போல மீன் பையை வாசல் ஆணியில் கொழுவினான். ஜுனைதா இருந்த அறையின் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்று செருமி, அண்ணன் மனைவியைக் கூப்பிட்டான்.

"மச்சி, ஓரா ஈக்கி. புளி போட்டு ஆக்குங்க."

"என்னத்துக்கு இவ்வளவு? வீட்டுல ரெண்டு பேர்தானே."

அவன் போகவில்லை. திரைக்குக் கீழே அவனுடைய பாதங்கள் தெரிந்தன.

"கச்சான் காத்து எழும்பப் போகுது மச்சி. மேக்கால கறுத்து நிக்கி. இண்டைக்கு ராவைக்கு, பிந்தினா நாளைக்கு."

"எழும்பட்டுமே. வருசா வருசம் எழும்புறதுதானே."

"எழும்பினா திட்டிக்கு மேலால அலை போகும்."

"அதுவும் வருசா வருசம்தானே."

பாதங்கள் இடம் மாறின.

"திட்டியில நானாட கதிரை ஒண்டு ஈக்கி" என்றான் மிஹ்லார்.

ஜுனைதா தஸ்பீஹ் மணியை மடியில் வைத்தாள். ஹாசிமின் கடையை ஒதுக்கிய அன்று, மரக் கதிரை ஒன்று குறைகிறது என்று முஃப்லிஹா சொன்னது நினைவுக்கு வந்தது.

"எப்ப கொண்டு போன?"

"அந்தக் கடைசி வெள்ளி. மணல்ல இறங்கும் எண்டு நாலு காலுக்கும் கம்பு வச்சுக் கட்டினாரு. ஆழமாத் தாட்டாரு. பிறகு என்னைய இருக்கச் சொன்னாரு. ஆடல்ல எண்டன். 'நீ இருந்து பாத்துச் சரிவராது, அவ ஒன்னய விடப் பாரம்' எண்டாரு."

ஜுனைதாவுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாலு மாசமா ஏன் சொல்லல்ல?"

"வெளிய வரேலாத ஆளுக்கு என்னெண்டு சொல்ற? எட்டாந் திகதி கழிச்சுக் கூட்டிப் போவம் எண்டு இருந்தன். காத்து முந்திட்டு. இப்ப போய்க் கழட்டிக் கொண்டு வந்து தரவா?"

"வேணாம். வீட்டுக்குள்ள வைக்கவா அதப் போட்டாரு?"

கதிரை போட்டால் வருவதாகச் சொன்னது அவள். அவர் போட்டுவிட்டார்.

கலண்டரைப் பார்த்தாள். இன்னும் இரண்டு நாள்.

"மிஹ்லார், இண்டைக்குப் பிறை எத்தன?"

"எட்டு" என்றான், யோசிக்காமல். நிலா இல்லாத இருட்டுப் பார்த்து இறால் வலை கட்டுகிறவன் அவன்.

"நானா மவுத்தான அண்டு?"

"இருபத்தாறு. இருட்டுக்கு வலை ஏத்திக்கொண்டு நிக்கக்குள்ளதான் கோல் வந்த."

ஜுனைதா விரலை மடக்கினாள். அவர் இறந்த பிறையிலிருந்து றஜப் இருபத்தாறுக்கு ஒரு மாதம். ஷஃபான், றமழான், ஷவ்வால். நாலு. அதற்கு மேல் பத்து நாள். இன்னொரு முறை மடக்கிப் பார்த்தாள்.

"முஃப்லிஹா!"

முஃப்லிஹா குசினியிலிருந்து ஈரக் கையோடு வந்தாள்.

"இத்தாவ என்னெண்டு மகள் கணக்குப் பாத்த?"

"டிசம்பர் இருபத்தெட்டுல இருந்து ஏப்ரல் இருபத்தெட்டு. அதோட பத்து. மே எட்டு."

"எந்த மாசத்தால பாக்கிற?"

முஃப்லிஹா கலண்டர் வட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, மதரசா ஆலிமாவுக்குக் கோல் எடுத்தாள். பிறையைச் சொன்னாள். கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"பிறை மாசத்தாலதான் பாக்கணுமாம். நேத்தோட முடிஞ்சிட்டாம்" என்றாள். "எல்லா வீட்டுலயும் இந்தப் பிழை விடுறாங்களாம்."

"அபாயாவ எடு. நான் குளிச்சிட்டு வாறன்."

"உம்மா, எட்டாந் திகதி எண்டு எல்லாருக்கும் சொல்லியாச்சு. ஃபஹ்மியா மாமி கொழும்புல இருந்து வாறாங்க. வட்டிலப்பத்துக்கும் சொல்லியாச்சு."

"வட்டிலப்பம் எட்டாந் திகதி வரட்டும்."

"ஆக்கள் கண்டா என்ன கதைப்பாங்க?"

"டீச்சருக்குக் கணக்குத் தெரியா எண்டு கதைப்பாங்க."

திரைக்கு அந்தப் பக்கம் மிஹ்லார் இருமினான். பாதங்கள் கரைப் பக்கம் ஓடின.

வெயில் முகத்தில் விழுந்தபோது ஜுனைதாவுக்குக் கண் கூசியது. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு தோணியில் ஏறினாள். மேற்கே வானம் கருநீலமாக இருந்தது. தண்ணீர் இன்னும் அசையவில்லை. மிஹ்லார் எஞ்சினை முழு வேகத்தில் விட்டான்.

திட்டி சுருங்கியிருந்தது. அதன் நடுவே கதிரை நின்றது. அதன் முதுகுச் சட்டத்தில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. தோணி நெருங்கியதும் வேண்டாவெறுப்பாகப் பறந்து போனது. இருக்கையில் வெள்ளையாக எச்சம். முஃப்லிஹா அதைத் தண்ணீர் அள்ளிக் கழுவினாள்.

ஜுனைதா சுற்றிப் பார்த்தாள். கதிரை களப்பைப் பார்த்து வைக்கப்படவில்லை. கரையையோ மரங்களையோ பார்க்கவும் இல்லை. அடுப்புக் கல்லைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தது. மூன்றில் ஒரு கல்தான் மிஞ்சியிருந்தது. அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்துதான் அவர் தேத்தண்ணி ஊற்றுவார்.

அவள் மெதுவாக உட்கார்ந்தாள். முழங்கால் நோகவில்லை. பாரத்தை முழுவதும் விட்டாள். வலப் பக்கம் சாய்ந்து பார்த்தாள், இடப் பக்கம் சாய்ந்து பார்த்தாள்.

"ஆடல்ல" என்றாள்.

"ஆடாது" என்றான் மிஹ்லார். தோணிக் கயிற்றில் ஏதோ வேலை இருப்பதுபோல் திரும்பிக்கொண்டான்.

அவள் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். முஃப்லிஹா வந்து காலடியில் மணலில் உட்கார்ந்தாள். தூரத்தில் நாலைந்து நாரைகள் நின்றன. அவள் அவற்றை எண்ணுவது ஜுனைதாவுக்குத் தெரிந்தது. உதடு அசைந்தது.

காற்று திடீரென்று வந்தது. முதலில் தண்ணீரின் நிறம் மாறியது. பிறகு ஒரு சின்ன அலை ஏறி வந்து கல்லை நனைத்துவிட்டுத் திரும்பியது. இரண்டாவது அலை அவளுடைய பாதத்துக்கு வந்தது.

"மச்சி, போவம்."

"இன்னுங் கொஞ்சம்."

மூன்றாவது அலை வந்தபோது எழும்பினாள். யாரையும் பிடிக்காமல் எழும்பினாள்.

"கழட்டுங்க" என்றாள்.

"வேணாம் எண்டீங்க."

"வீட்டுக்குள்ள வேணாம் எண்டன்."

எட்டாம் திகதி ஹாசிமின் சகோதரி ஃபஹ்மியா மாமி வேனில் வந்து இறங்கினாள். கூட நாலு பெண்கள், இரண்டு சட்டி வட்டிலப்பம். துக்க வீட்டுக்கு வரும் முகத்தோடு செருப்பைக் கழற்றி, திரையை விலக்கி, உள்ளே எட்டிப் பார்த்தாள். அறையில் யாரும் இல்லை.

"எங்க ஜுனைதா?"

"இஞ்சால" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

பூவரசுக்குக் கீழே, கால்களில் உப்பு வெளுத்த கதிரை ஒன்றில், ஜுனைதா சோற்றுப் பீங்கானோடு இருந்தாள். மேலே இலைகள் கச்சானில் அடித்துக்கொண்டிருந்தன. காற்றில் வந்த மணல் சோற்றில் விழாமல் இடக் கையால் மறைத்துப் பிடித்திருந்தாள்.

"ஒங்கள வெளிய எடுக்கத்தானே நாங்க கொழும்புல இருந்து வந்த" என்றாள் ஃபஹ்மியா மாமி.

"பாய் எடுத்துட்டு வாங்க மச்சி" என்றாள் ஜுனைதா. "சோறு ஆறப் போகுது."