அத்தான் போட்ட மாத்திரை

எம்பிராய்டரி மிஷினில் தங்க நூலைக் கோத்துவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிய ரவ்ஷானை, திரையின் மூலையிலிருந்த சிவப்புக் கட்டம் மறுபடியும் வம்புக்கு இழுத்தது. ஆன்டிவைரஸின் காலம் பதினொரு நாளில் முடிகிறதாம். காலையிலிருந்து ஆறாவது தடவையாக இதையே சொல்லி உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. கணினியும் கிழடு தட்டிப்போயிருந்தது. ஒரு டிசைனைத் திறக்கச் சொல்லிவிட்டு, பால் விட்ட தேநீரை ஒரு கிண்ணம் ஆற அமரக் குடித்துவிட்டு வரலாம்.

தராஸ் நகரத்தில் கல்யாணம் நிச்சயமானால் சம்பந்திகளுக்கு அங்கி போர்த்த வேண்டும். அதன் முதுகில் ஆட்டுக்கொம்புச் சுருள் பூவேலை சுமாராக இருந்தால் பத்து வருடத்துக்கு அதையே சொல்லிக் காட்டுவார்கள். அதனால்தான் ரவ்ஷான் வீட்டு வாசலில் எப்போதும் நாலு ஜோடிச் செருப்பு கிடக்கும். அவளுடைய டிசைன் வேறு எங்கும் கிடைக்காது. ஆறு வருடமாகக் கோடு கோடாக வரைந்து சேர்த்தவை, நானூற்றுச் சொச்சம். அத்தனையும் இருந்தது அந்தக் கிழட்டுக் கணினிக்குள். கணவன் சரக்கு ரயிலோடு மாதத்தில் பாதி நாள் வெளியூர் போகிறவன். வீடு ஓடியதே அந்த டிசைன்களால்தான்.

அக்கா ஜூபாரின் கணவன் எர்மெக், கடைவீதியில் கணினி பழுது பார்ப்பவன். அத்தான்காரனும் கொழுந்தியாளும் ஒருவரை ஒருவர் வாருவது அங்கே பிறப்புரிமை. அதில் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

"எல்லாத்தையும் துடைச்சுட்டுப் புதுசா போட்டுடலாம். கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிடும்" என்றான் போனில். "அப்படியே ஆன்டிவைரஸையும் மாத்திடு. ஒரிஜினல் பெட்டி ஒண்ணு வாங்கி வை. நான் வந்து போட்டுத் தர்றேன்."

ரவ்ஷான் பெரிய கடைக்கே போய், மேலுறை பிரிக்காத பெட்டியாகப் பார்த்து வாங்கி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எர்மெக் வந்தான். வந்ததும் வேலையைத் தொடாமல் பவுர்சாக் பணியாரத் தட்டைத் தொட்டான்.

"என்ன கொழுந்தியா, பவுர்சாக் இவ்வளவு சின்னதா இருக்கு? அத்தானை ஒரேயடியா இளைக்க வைக்கிற திட்டமா?"

"உங்க தொப்பைக்கு இதுவே அதிகம். முதல்ல வேலையைப் பாருங்க."

டிசைன்களையெல்லாம் ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்தான். கணினியைத் துடைத்துப் புதிதாக்கினான். நகலைத் திரும்ப உள்ளே ஏற்றினான். பிறகு தன் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகினான். கணினியோடு கூடவே வந்த வைரஸ் காவலை அவன் அணைப்பதை அவள் பார்த்தாள். திரையில் ஒரு சின்னக் குறிப்பு வந்து போனது. அதில் 'மாத்திரை' என்ற சொல் அவள் கண்ணில் பட்டது.

"மாத்திரையா? அது என்னத்துக்கு? இருக்கிற காவலை எதுக்கு அணைக்கிறீங்க?"

"ஒரு வீட்டுல ரெண்டு காவல் நாய் இருந்தா ஒண்ணை ஒண்ணு கடிச்சுக்கும். அதான் பழசை அனுப்பிட்டுப் புதுசை விடறேன். மாத்திரை கம்ப்யூட்டருக்கு, உனக்கில்ல." எர்மெக் கண்ணைச் சிமிட்டினான். "ஏன், அத்தான் மேல சந்தேகமா? வேணும்னா போலீஸைக் கூப்பிடு, எனக்கும் டீ குடிக்கத் துணை வேணும்."

ரவ்ஷான் சிரித்துவிட்டாள். அத்தானிடம் போய் அடுத்த கேள்வி கேட்பதாவது! அவனுக்குப் பிடிக்குமே என்று குதிரைக்கறி நறுக்கப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது திரையில் பச்சை நிறத்தில் 'நலம்' என்றிருந்தது. ஹார்ட் டிஸ்க்கை அவன் கழற்றவில்லை. "இங்கயே இருக்கட்டும், தினமும் தானா நகல் எடுத்துக்கும்" என்றான். பெட்டியை அழகாக மூடி அலமாரியில் வைத்துவிட்டும் போனான்.

மூன்று வாரம் பச்சை பச்சையாகவே இருந்தது. நாலாவது வாரம், பன்னிரண்டு அங்கிகளுக்கான ஆர்டரை மடியில் கட்டிக்கொண்டு ரவ்ஷான் கணினியைத் திறந்தாள். ஒரு டிசைனும் திறக்கவில்லை. ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகளில் ஒரு வால் முளைத்திருந்தது. நடுத்திரையில், எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம், பணம் அனுப்பினால் திறப்போம் என்று ஒரு மிரட்டல். ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து பார்த்தாள். அது கணினியோடு ஒட்டிக்கொண்டே இருந்ததால், அதற்குள்ளும் அதே வால்கள். அந்த நிலையிலும் மூலையில் 'நலம்' என்று பச்சை மின்னிக்கொண்டிருந்தது.

எர்மெக் போனை எடுக்கவில்லை. கணினியையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு, ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த லுத்மிலா கிம்மின் பழுதுக்கடைக்கு ஓடினாள். லுத்மிலா ஐம்பது வயதுக்காரி, வளவளவென்று பேசாதவள். அரை மணி நேரம் துழாவிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"உன் டிசைன் திரும்ப வராதும்மா. பொய் நம்பிக்கை குடுக்க மாட்டேன். இந்த ஆன்டிவைரஸை யாரு போட்டது?"

"எங்க அக்கா வீட்டுக்காரர். ஒரிஜினல்தான் போட்டாரு, லுத்மிலாம்மா. பெட்டி இதோ இருக்கே!"

"கம்ப்யூட்டர்ல இருக்கிறது ஒரிஜினல் இல்ல. திருட்டு நகல். அதோட பூட்டை உடைக்கிற சாமானுக்குத்தான் எங்க தொழில்ல மாத்திரைன்னு பேரு. இதோ, அதோட வந்த குறிப்பைப் படி."

ரவ்ஷான் படித்தாள். 'மாத்திரையைப் போடுவதற்கு முன் காவல் அனைத்தையும் அணைத்துவிடவும்.'

"காவல்காரனைத் தூங்க வெச்சுட்டு மாத்திரையைக் குடுத்திருக்காங்க. திருடன் மாத்திரைக்குள்ளயே இருந்திருக்கான்" என்றாள் லுத்மிலா. "ரெண்டு காவல் ஒண்ணா இருக்கக் கூடாதுங்கிறது நிஜம். பழசை முழுசா எடுத்துட்டுத்தான் புதுசு போடணும். ஆனா கம்ப்யூட்டரோட கூடப் பிறந்த காவல் முழிச்சிருக்கணும். புதுசு சரியா உட்கார்ந்ததும் அதுவே ஒதுங்கிக்கும். நாம கையால அணைக்க வேண்டியதே இல்ல. சரி, பெட்டிக்குள்ள இருக்கிற லைசென்ஸ் நம்பரைக் குடு, பார்ப்போம்."

பெட்டிக்குள்ளிருந்த அட்டையில் எண்ணை மறைத்திருந்த பூச்சு ஏற்கெனவே சுரண்டப்பட்டிருந்தது. லுத்மிலா எண்ணைத் தட்டினாள். இந்த எண் வேறொரு கணினியில் பயன்பாட்டில் இருக்கிறது என்றது திரை.

கடைக்கு வெளியே நின்று ரவ்ஷான் அக்காவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, உங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல என்ன ஆன்டிவைரஸ் இருக்கு?"

"அதுவா? போன மாசம் உங்க அத்தான் புதுசு போட்டாருடி. ஒரிஜினல்!" ஜூபார் வெள்ளந்தியாகச் சொன்னாள். "உன் வீட்டுக்கு வந்துட்டுப் போனாரே, அன்னிக்கு சாயங்காலமே. பசங்க கண்டதையும் திறக்குதுங்க, நம்ம வீட்டுக்கு டூப்ளிகேட் வேணாம்னுட்டாரு. ஏன், நீயும் ஒண்ணு போட்டுக்கோயேன்?"

ரவ்ஷான் போனை வைத்தாள். தெரியாமல் செய்திருந்தால் அவள் மன்னித்திருப்பாள். எது நல்லது, எது விஷம் என்று தெரிந்துதான் அவன் பிரித்துப் போட்டிருக்கிறான். நல்லதைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு, விஷத்தை அவள் வீட்டில் வைத்துவிட்டு, அவள் நறுக்கிக் கொடுத்த கறியையும் தின்றுவிட்டுப் போயிருக்கிறான். ஆறு வருடம் போனதைவிட, அன்றைக்கு அவனோடு சேர்ந்து சிரித்ததுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. நடுத்தெருவில் நின்று அழுதாள்.

பன்னிரண்டு அங்கி ஆர்டர் கைவிட்டுப் போயிற்று.

அடுத்த சனிக்கிழமை அப்பாவின் பிறந்தநாள். விருந்து ரவ்ஷான் வீட்டில். ஆட்டைச் சமைத்தால் யாருக்கு எந்தத் துண்டு என்பதில் அங்கே தவறவே கூடாது. தலை பெரியவருக்கு. நெஞ்சுக்கறி மருமகனுக்கு. பதினைந்து வருடமாக எர்மெக்குக்கு நெஞ்சுக்கறி தப்பியதே இல்லை.

அவன் கைகழுவிவிட்டு வந்து சப்பணமிட்டு உட்கார்ந்தான். "கொழுந்தியா, என் பங்கு பெருசா இருக்கட்டும்!"

ரவ்ஷான் தலையை அப்பா முன்னால் வைத்தாள். நெஞ்சுக்கறியை அக்கா முன்னால் வைத்தாள். எர்மெக் முன்னால் ஒரு காலித் தட்டை வைத்து, அதில் ஒற்றைத் தலைவலி மாத்திரையைப் போட்டாள்.

"இது என்ன புது விளையாட்டு?" என்று சிரித்தான் எர்மெக். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"விளையாட்டு இல்ல அத்தான். நீங்க என் கம்ப்யூட்டருக்குப் போட்டீங்களே, அதே மாத்திரை. ஒரிஜினலை உங்க வீட்டுக்குக் கொண்டுபோயிட்டு, எனக்கு இதைத்தானே குடுத்தீங்க? என் நானூறு டிசைனும் போச்சு."

எர்மெக் தட்டிலிருந்து கையை எடுத்தான். "அது... ரெண்டும் ஒண்ணுதான்... எல்லாரும் அப்படித்தானே போடறாங்க..."

ஜூபார் தன் முன்னாலிருந்த நெஞ்சுக்கறியைத் தொடவில்லை. கணவனையே பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணுன்னா, நம்ம வீட்டுக்கு டூப்ளிகேட் வேணாம்னு எதுக்குச் சொன்னீங்க? அப்போ என் தங்கச்சி வீடு யாரு வீடு?"

எர்மெக் மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். "தப்புதான். அந்தப் பெட்டியைப் பார்த்ததும் ஆசை வந்துடுச்சு. உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்" என்றான்.

அப்பா தலைக்கறிக்குக் கத்தியை எடுக்கவில்லை. "நீ பேசும்மா" என்றார் ரவ்ஷானிடம்.

"நெஞ்சு இருக்கிறவங்களுக்குத்தான் நெஞ்சுக்கறிப்பா" என்றாள் ரவ்ஷான். "ஆனா என் மேலயும் தப்பு இருக்கு. ஏன் அணைக்கிறீங்கன்னு கேட்டேன், அத்தான் சிரிச்சாருன்னு விட்டுட்டேன். இங்க இருக்கிற எல்லாரும் கேட்டுக்குங்க. கம்ப்யூட்டரைத் துடைக்கிறதுக்கு முன்னாடி நகல் எடுங்க, எடுத்ததும் கழற்றித் தனியா வெச்சுடுங்க. காவலை மாத்தறதுன்னா, அதைத் தயாரிச்ச கம்பெனிகிட்ட இருந்தே வாங்கி, உங்க கண்ணு முன்னாடி போடுங்க. சொந்தக்காரங்களே வந்து உட்கார்ந்தாலும் கேள்வி கேட்கக் கூச்சப்படாதீங்க. முதல்ல உன் காவலை அணைன்னு சொல்லிட்டு உள்ள வர்றது எதுவா இருந்தாலும், யாரா இருந்தாலும், அது உங்களைக் காப்பாத்த வரல."