வாடிக்கு ஒரு போர்வை

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சோறும் தின்று முடிந்த நேரம். கிழக்கிலங்கை அட்டாளைச்சேனையில் சீனிமுகம்மதுவின் வீட்டில் அன்று இருந்தவர்கள் ஐந்து பேர். கைபிடி வைத்த கதிரையில் மருமகன் ஜவுபர். அவர் மாப்பிள்ளையாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கதிரை அவருக்குத்தான். வேறு யாரும் அதில் குந்துவதில்லை. பாயில், முதுகைச் சுவருக்குக் கொடுத்தபடி சீனிமுகம்மது. வாங்குப் பலகையில், வெற்றிலைத் தட்டத்தோடு அவருடைய மூத்த சகோதரி நாச்சியா. வாசற்படியில் மகள் றம்ஸியா. அறைக்குள்ளே, கதவுத் திரையின் ஓரமாக சீனிமுகம்மதுவின் மனைவி ஹாஜறா. மருமகன் இருக்கும் இடத்தில் மாமி முன்னுக்கு வந்து உட்காருவது அங்கே வழக்கமில்லை. சொல்ல வேண்டியதை மகள் மூலம் சொல்லிவிடுவாள்.

பேச்சு சாகாமத்து வயலைப் பற்றி. வேளாண்மை குடலையாகி, பயிர் சூல் கொண்டுவிட்டது. இனிக் கதிர் தள்ளிப் பால் பிடிக்கும். பால் பிடித்தால் காட்டுப் பன்றி, அவர்கள் சொல்லும் பண்டி, வரும்.

"காவலுக்கு ஆளில்லாட்டி இந்தப் போகத்தோட வயல வித்துப் போடுவம்," என்றார் சீனிமுகம்மது. "போன வருசம் பட்டது போதும்."

அது ஹாஜறாவின் சீதன வயல். நாளைக்கு றம்ஸியாவின் பிள்ளைகளுக்குப் போக வேண்டியது. அவள் மடியில் கிடந்த இரண்டு போர்வைகளையும் தடவிக்கொண்டிருந்தாள்.

இரண்டும் அவள் கையால் தைத்தவை. பழஞ்சீலைகளை மூன்று மடிப்பாக உள்ளே கொடுத்து, மேலே மருதமுனையில் நெய்த சாரன் துணியைப் போட்டு, நெல்லு நெல்லாக ஓட்டிய தையல். அந்தக் குடும்பத்தில் வாடிக்கு, வயலில் காவல் இருக்கும் குடிசைக்கு, போர்வை தைப்பதற்கு ஒரு சட்டம் இருந்தது. காவலுக்கு இரண்டு பேர், போர்வை ஒன்று. ஒருவன் போர்த்திக்கொண்டு படுத்தால் மற்றவன் குளிரில் முழித்திருப்பான். இரண்டு போர்வை கொடுத்தால் இரண்டு பேரும் தூங்குவார்கள், வேளாண்மையைப் பண்டி பார்த்துக்கொள்ளும். ஹாஜறாவின் உம்மா சொல்லிப்போன சட்டம் அது.

அந்த ஒற்றைப் போர்வையை சீனிமுகம்மதுவோடு மாறி மாறிப் போர்த்தியவர் அழகரெத்தினம். வயலை இருவரும் கூட்டாகச் செய்தார்கள். "தங்கச்சி, அடுத்த வருசம் ரெண்டு சாண் கூட்டித் தையுங்க, காக்காட கால் பனையளவு நீளம்" என்று ஒவ்வொரு அறுவடையிலும் வந்து ஹாஜறாவிடம் முறைப்பாடு வைப்பார்; சீனிமுகம்மதுவை அவர் காக்கா, அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். பிறகு தமிழரும் முஸ்லிம்களும் மோதிக்கொண்ட அந்தக் கலவர வருசம் வந்தது. ஒரே வரம்பில் நடந்தவர்கள் ஒரே றோட்டில் போக முடியாத காலம். அழகரெத்தினம் பெண்சாதி பிள்ளைகளோடு தம்பிலுவிலில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு சொல் சொல்லாமல் போனதுதான் சீனிமுகம்மதுவுக்கு மனக்கறள். ஊர் அடங்கிய பிறகும் அவரும் எழுதவில்லை, இவரும் எழுதவில்லை.

இடையில் கூலிக்கு வந்தவர்களும் நின்றுவிட, போன வருசக் காவலுக்கு மாமாவோடு ஜவுபர் போனார். அங்கேதான் ஹாஜறா பிழை விட்டாள். மருமகன் மாமனாரோடு ஒரு போர்வையை மாற்றிப் போர்த்துவதா? மரியாதையில்லையே என்று உம்மாவின் சட்டத்தை மறந்து, இன்னொரு போர்வை தைத்தாள், அதுவும் நல்ல தடிப்பாக. இரண்டு பேரும் சுகமாகத் தூங்கினார்கள். விடியப் பார்த்தால் அரைவாசி வயல் உழுதது போலக் கிடந்தது.

"நொறுக், நொறுக்" என்று நூல் அறுபடும் சத்தம் திரைக்குள்ளிருந்து வந்தது.

நாச்சியா எட்டிப் பார்த்தாள். "அடியேய் ஹாஜறா! மருமகனுக்குக் குடுத்த போர்வையவா பிரிக்கிறாய்? உனக்கென்ன விசரா?"

"ஓம் மதினி, பிரிக்கத்தான் போறன். வாடிக்கு ஒரு போர்வ போதும்."

"மருமகன் என்ன நினைப்பாரு?"

ஜவுபர் சிரித்துவிட்டார். "றம்ஸியா, மாமிய நல்லாப் பிரிக்கச் சொல்லு. சத்தியமாச் சொல்றன் மாமா, அண்டைக்கு நான் தூங்கல்ல. பண்டி உறுமினது கேட்டது. உங்களத் தட்டி எழுப்புவம் எண்டு கைய நீட்டினன். மாமாவத் தட்டி எழுப்புறதா எண்டு கைய மடக்கிட்டன். தனியப் போகவும் பயம். போர்வைய இழுத்துத் தலையோட மூடிட்டன்."

சீனிமுகம்மதுவின் முகம் ஒரு மாதிரியானது.

"என்ன வாப்பா?" என்றாள் றம்ஸியா.

"எனக்கும் கேட்டதுதான்," என்றார் மெதுவாக. "மருமகன எப்பிடித் தட்டி எழுப்புறண்டு பாத்துக்கொண்டே கிடந்து, அப்பிடியே கண்ணயந்திட்டன்."

நாச்சியா வெற்றிலைத் தட்டம் குலுங்கச் சிரித்தாள். "அல்லாவே! ரெண்டு பேரும் மரியாதை காத்தீங்க, பண்டி வயலக் காத்திச்சு!"

"அழகரெத்தினம் எண்டா தட்ட மாட்டான்," என்று சீனிமுகம்மதுவும் சிரிப்போடு சொன்னார். "காலால உதைப்பான். ஒழும்பு காக்கா, உன்ட மச்சான்மார் வந்திருக்கானுகள் எண்டு..." சொல்லிக்கொண்டு வந்தவர் நிறுத்திவிட்டார்.

ஹாஜறா அந்தச் சந்தர்ப்பத்தை விடவில்லை. "றம்ஸியாட வாப்பா, உதைக்கிற ஆளக் கூப்பிடுங்க. இத அதோட கூட்டி, கால் மூடுற நீளத்துக்கு ஒண்டாத் தைச்சுத் தாறன்."

"சொல்லாமப் போனவன் அவன்."

"அந்த நாளையில யாரு யாருக்குச் சொல்லிட்டுப் போனாங்க? போன ஆக்கள்ட வீட்டு வாசலுக்கு நாமளும் போகல்லியே."

வெளியே தூறல் விழுந்து ஓய்ந்தது. பிறகு, "மகள், கொப்பிய எடு," என்றார் சீனிமுகம்மது.

றம்ஸியா தாளைக் கிழித்து, தேதி போட்டு, "அன்புள்ள அழகரெத்தினம் அவர்களுக்கு" என்று எழுதினாள்.

"அவர்களா? தம்பி எண்டு போடு," என்றார் வாப்பா. "எல்லாரும் சுகம். வேளாண்மை குடலை. காவலுக்கு ஆள் தேவை."

"கூலிக்கு ஆள் பிடிக்கிற மாதிரி இரிக்கு வாப்பா."

"அப்ப இப்பிடி எழுது. நீ சொல்லாமப் போனது எனக்கு மனவருத்தம்."

"எழுது மகள்," என்றாள் ஹாஜறா. "நாங்க வந்து பாக்காததும் பிழை எண்டு அதுக்குக் கீழ எழுது."

றம்ஸியாவின் பேனை நின்றது. வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் தாடியைத் தடவினார், கூரை முகட்டைப் பார்த்தார், மறுபடி தாடியைத் தடவினார்.

"ஓம். எழுது."

"பண்டிக் கதையையும் எழுதட்டா?"

"அத எழுதாத!"

"எழுது எழுது," என்றார் ஜவுபர். "அதுக்காகவே வருவாரு."

எழுதினாள். கூட்டு முன்போலவே சரிபாதி என்றும், வரும் வெள்ளிக்கு முன்னால் வந்தால் வாடிக்குக் கூரை மாற்றலாம் என்றும், அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் சலாம் என்றும் எழுதினாள். வாப்பா கையெழுத்துப் போட்டார். ஹாஜறா அடுக்களைக்குப் போய்ச் சோற்றுப் பருக்கை இரண்டு எடுத்து வந்தாள். கடித உறையின் வாயில் அதை நசித்துத் தேய்த்து, ஓரமெல்லாம் விரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினாள்.

"மகள், சந்திப் பெட்டிக்குள்ள போட வேணாமெண்டு சொல்லு. தபால் கந்தோருக்குள்ள போய்க் கையில குடுக்கட்டும்" என்று மருமகனுக்காக மகளிடம் சொன்னாள்.

ஜவுபர் கடிதத்தை மழைக்காக ஒரு பொலித்தீனில் சுற்றி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சைக்கிளை எடுத்தார்.