வேர்க்காத ஐஸ்

...சத்தமே வரவில்லையே, இன்னொரு தடவை காதோரம் வைத்துக் குலுக்கினேன், ஐஸ் பேக்குக்குள் தண்ணீர் அலம்பும் சத்தம் கொஞ்சமாவது கேட்க வேண்டும், கல் மாதிரி கிடக்கிறது, மணி பத்தரை, காலை ஏழுக்கு ஃப்ரீசரிலிருந்து எடுத்தது, இன்னும் கல்தான்... அப்படியானால் தடுப்பூசிப் பெட்டிக்குள் மருந்து இவ்வளவு நேரம் இதோடு ஒட்டிக்கொண்டா கிடந்தது? அடிப்பாவி தையல்நாயகி, பதினாறு வருஷமாகப் புதன்கிழமை தவறாமல் ஊசி போடுகிற நர்ஸ், நீயா இதைச் செய்தாய்? திண்டிவனத்தில் மருந்து எடுத்துத் தருகிற தாண்டவராயன் தலைபாடாய் அடித்துக்கொண்டாரே, "இன்னும் வேர்க்கலீங்க மேடம், அரை மணி வெளிய இருக்கட்டும், உள்ள தண்ணி ஆடட்டும், அப்பால பெட்டியில வைங்க." நான்தான், "கூட்டேரிப்பட்டு பஸ்ஸு போய்டும், ஜில்லுனு இருந்தா நல்லதுதானே, ஜல்தி குடுங்க" என்று பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

ஜில்லென்று இருந்தால் நல்லதாம், என் வாயில் மண்ணைப் போட. உருக ஆரம்பித்த ஐஸ் கடைசித் துளி கரையும்வரை பூஜ்ய டிகிரியிலேயே நிற்கும், உருக ஆரம்பிக்காத ஐஸ் அதற்கும் கீழே எங்கேயோ இருக்கும், புது நர்சுகளுக்கு நானே வகுப்பெடுத்த பாடம். தண்ணீருக்கென்ன, உறையும், உருகும், பழையபடி தண்ணீராகிவிடும், ஒன்றும் குறையாது... இந்த மருந்து ஒரு முறை உறைந்தால் உருகிய பிறகு பார்க்கத்தான் மருந்து, நோயைத் தடுக்கிற சக்தி போய்விடும். எடுக்கும்போதே குப்பி விரலில் சுரீரென்றதே, மேசையில் வைத்துவிட்டுப் பதிவேடு எழுத உட்கார்ந்தேன், உறைந்திருந்த மருந்து அதற்குள் உருகியிருக்குமோ? அதிலிருந்துதானே அம்சவள்ளியின் ஒன்றரை மாதக் குழந்தைக்குப் போட்டேன்? அதோ, அங்கன்வாடிச் சுவரோரம் குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், ஊசி போட்டபின் அரை மணி இருக்க வேண்டுமென்பதற்காக. கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்குகிற வேலையை விட்டு வந்தவள். ஊசியே வேண்டாமென்று மாமியார் குறுக்கே நின்றபோது அவள் வாசலில் போய்க் கத்தியவள் நான், "எதுனா ஆனா நான் பொறுப்பு, புதன்கிழமை கொயந்தய தூக்கிக்கினு வா." என்னை நம்பி வந்துவிட்டாள்.

பெட்டியில் இரண்டு குப்பிகள் இருந்தன. ஒன்று ஐஸை ஒட்டியிருந்தது, அதைத்தான் திறந்தேன். இன்னொன்று நடுவில், காகிதச் சுற்றுக்குள். இரண்டையும் ஒரே மாதிரி குலுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன், இரண்டும் நீர்மோர் மாதிரி வெள்ளை. உறைந்ததுதான் சீக்கிரம் தெளியும். மற்ற தாய்மார்கள் பதினோரு மணிக்குத்தான் வருவார்கள். மாரியாத்தா, தெளியக் கூடாது... தெளிந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும், மெமோ வரும், வரட்டும், அதைவிட இவளிடம் என்ன சொல்வேன்? போட்டது வீண், இன்னொரு ஊசி போட வேண்டியிருக்கும் என்றால் மாமியார் சும்மா விடுவாளா? இனி இவள் வருவாளா? இந்தத் தெருவே வருமா? சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும், அடுத்த மாதம் அடுத்த ஊசி இருக்கத்தான் போகிறது... சீ, கக்குவான் இருமலில் முகம் நீலமாகிற குழந்தையைக் கையில் வாங்கிப் பார்த்தவள்தானே நான்? ஐயோ, திறந்த குப்பியின் கழுத்துப் பக்கம் வெள்ளை இறங்குகிறதா, என் கண்தான் அப்படிக் காட்டுகிறதா? இல்லை, தெளிகிறது, பாதிக்கு மேல் வெறும் தண்ணீர், அடியில் மாவு படிந்த மாதிரி ஒரு வெள்ளை. இன்னொன்று அப்படியே மோராகவே நிற்கிறது.

"அரை மணி ஆய்டுச்சுங்க சிஸ்டர்." அம்சவள்ளி எழுந்துவிட்டாள். "நல்லா தூங்கிக்கினு இருக்குது. உங்க கை ராசிங்க, அழவே இல்ல. நான் போவட்டுங்களா? எங்க மாமியா கிட்ட சொல்றேன், ஒண்ணுமே ஆவலன்னு."

"இரும்மா," என்றேன். குழந்தையின் கால் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, தொடையில் ஊசி போட்ட இடத்தில் சின்னச் சிவப்புப் புள்ளி. இரண்டு குப்பிகளையும் அவளுக்குக் காட்டிச் சொல்லிவிடலாம், கண்ணால் பார்த்தால் புரிந்துகொள்வாள் என்று மேசைப் பக்கம் திரும்பினேன். அங்கே ஒரு குப்பிதான் நின்றது. திறந்த குப்பி என் கையில் இருந்தது, படிந்ததெல்லாம் மறுபடி கலந்து, அடி முதல் கழுத்து வரை ஒரே வெள்ளையாக. அதை எப்போது எடுத்தேன், எப்போது குலுக்கினேன்?

"இன்னாங்க சிஸ்டர்?" என்றாள் அம்சவள்ளி.