அரை நிமிஷம் ஓடிய மோட்டார்

எழில்மொழிக்கு சால்டரிங் வராது என்று வகுப்பு முழுக்கத் தமுக்கடித்தவள் நான்தான். "ஈயம் வச்சிருக்கியா, இல்ல காக்கா எச்சம் போட்டுட்டுப் போயிருக்கா?" என்று அவள் போர்டைத் தூக்கிக் காட்டுவேன். லேப்பே சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அதில் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். எனக்கு வாய் நீளம். "ஃபஹ்மிதா, உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்" என்று உம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். வாங்கியிருக்கலாம்.

மூன்றாம் வருஷ புராஜெக்ட்டுக்கு நாங்கள் இருவரும் ஒரு குழு. மற்றவர்கள் கடையில் ரெடிமேடாக வாங்கிக் கல்லூரிப் பெயரை ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். நாங்கள் நிஜமாகவே செய்தோம். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

யோசனை எழிலுடையது. நீடாமங்கலம் பக்கத்தில் அவளுடைய அப்பா சிங்காரவேலுவுக்கு இரண்டு ஏக்கர். போர்வெல் வயலின் இந்தக் கோடியில், ஸ்டார்ட்டர் இருக்கிற கொட்டகை அந்தக் கோடியில். மனுஷனுக்கு முட்டி தேய்ந்துபோய்விட்டது. வரப்பில் ஒருதரம் போய்வந்தால் ராத்திரி முழுக்க முனகுவாராம். அதனால் ஸ்டார்ட்டரோடு ஒரு போர்டு, அதில் ஒரு சிம். மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும், இன்னொன்று கொடுத்தால் நிற்கும். ஓடினாலும் நின்றாலும், கால் கொடுத்த போனுக்கு ஒரு மெசேஜ் வரும். போர்டு செய்தது எழில். புரோகிராம் எழுதியது நான். எழிலின் நம்பரில் இருந்து வந்தால் மட்டும் கேள், மற்ற எல்லாவற்றையும் தள்ளு என்று அதில் ஒரு வரி எழுதியிருந்தேன்.

ரிவ்யூ அன்று வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் தன் போனை எடுத்து அடித்துப் பார்த்தார். போர்டு அசையவில்லை. "வொர்க் ஆகலையேம்மா" என்றார். அது வேலை செய்கிற லட்சணமே அதுதான் ஐயா என்று எவ்வளவு சொல்லியும் மண்டையில் ஏறவில்லை. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. எழில் சார்ஜர் தேடிப் போயிருந்த நேரத்தில் அந்த வரியை அழித்துவிட்டு, "இப்ப அடிங்க சார்" என்றேன். மேஜைமேல் குட்டி மோட்டார் சுற்றியது. முழு மார்க். வரியைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன்.

மே மாதம் போர்டை ஊருக்குக் கொண்டுபோய்ப் பொருத்தினோம். உரச் சாக்கின் உள்பையைக் கழற்றி, மழை படாமல் பெட்டியைச் சுற்றிக் கட்டினார் எழிலின் அப்பா. கட்டிக்கொண்டே என்னிடம் கேட்டார். "வேற யாரும் தெரியாம போட்டுட மாட்டாங்கல்ல பாப்பா?"

"உங்க பொண்ணு போனத் தவிர எவன் அடிச்சாலும் அசையாதுங்க" என்றேன்.

சொன்ன வாய் மூடுமுன் அந்த வரி நினைவுக்கு வந்தது. லேப்டாப்பில் சார்ஜ் இல்லை. எழில் முன்னால் ஒப்புக்கொள்ளவும் மனசில்லை. சால்டரிங்குக்காக அவளை அத்தனை கேலி செய்தவள் ஆயிற்றே நான்! அடுத்த வாரம் வந்து சரிசெய்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

அதன் பிறகு அவருக்குத் தலைகால் புரியவில்லை. அவருக்கும் நம்பர் போட்டுத் தருகிறோம் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். "எம் பொண்ணு தஞ்சாவூர்ல உக்காந்துக்கிட்டு மோட்டார் போடுறா" என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லியே கடைக்காரருக்குக் காது புளித்துவிட்டதாம். காலையில் அவளுக்குப் போன் செய்து "போடு பாப்பா" என்பார், தண்ணீர் பாய்ந்ததும் "நிறுத்து பாப்பா" என்பார்.

ஆகஸ்டில் கேம்பஸ் இன்டர்வியூ வந்தது. அரியர் இருந்ததால் எழிலை உட்கார விடவில்லை. நான் போனேன். கம்பெனிக்காரர் என் புராஜெக்ட் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஸ்டூடண்ட் புராஜெக்ட்டெல்லாம் மேஜையோட சரி. இது எங்கேயாவது நிஜமா ஓடுதா?"

சுருக்கென்றது. "இப்பவே உங்க போன்லேருந்து ஒரு மிஸ்டு கால் குடுங்க சார். முப்பது கிலோமீட்டருக்கு அந்தாண்ட மோட்டார் ஓடும்" என்று நம்பரைச் சொன்னேன்.

அடித்தார். அவர் போனில் மெசேஜ் வந்தது: மோட்டார் ஆன். நேரம் பத்து இருபத்திரண்டு. பக்கத்தில் இருந்தவருக்கும் காட்டி, "நல்லாருக்கே!" என்றார். கரண்ட் வீணாகிறதே என்று நானே இன்னொரு கால் கொடுத்து நிறுத்தினேன். அரை நிமிஷம்கூட இருக்காது. அங்கேயே எனக்கு வேலை உறுதி என்றார்கள்.

மத்தியானம் ஹாஸ்டலுக்குத் துள்ளிக்கொண்டு வந்தால் எழிலின் கட்டில் காலி. அவளுடைய அப்பாவைக் கரண்ட் அடித்துவிட்டது, ஊருக்குப் போய்விட்டாள் என்றார்கள். எப்போது அடித்தது என்று கேட்டேன். பத்து, பத்தரை இருக்கும் என்றார்கள். யா அல்லாஹ்! படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்து நாள் ஹாஸ்டல் அறையைவிட்டு நகரவில்லை. ஆறாம் நாள் சொல்லிவிடுவது என்று பஸ் ஏறினேன். வழியெல்லாம் குறுவைக் கதிர் முற்றி நின்றது. பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

எழில் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. அவள் மடியில் எங்கள் போர்டு.

"வா ஃபஹ்மி" என்றாள். "உன்னத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அன்னைக்கு அப்பா போன் பண்ணுனாங்க. போர்கிட்ட எலி ஒயரக் கடிச்சு வச்சிருக்கு, டேப் சுத்தணும், மோட்டார நிறுத்துன்னாங்க. நிறுத்தினேன். ஆஃப்னு மெசேஜ் வந்துச்சு. கொட்டகைக்குப் போய் பீஸ் கட்டையப் புடுங்கிட்டு செய்யுங்கப்பான்னேன். அவ்வளவு தூரம் யாருடி நடக்குறது, நீ போனத் தொடாம இரு, அது போதும்னாங்க. தெரியாம விரல் பட்டுடக் கூடாதுன்னு போனக் கவுத்து வச்சுட்டு உக்காந்திருந்தேன் ஃபஹ்மி. தொடவே இல்ல."

நான் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"அப்ப தானா ஓடியிருக்கு. ஏதோ ஒரு ஜாயிண்ட் ஒட்டி, ரிலே இழுத்து மோட்டாரப் போட்டுருக்கு. நீதான் சொல்லிக்கிட்டே இருந்தியே, எனக்கு சால்டரிங் வராதுன்னு. நாந்தான் கேக்கல." போர்டை என் கையில் வைத்தாள். "நாலு நாளாப் பாக்குறேன், கண்டுபிடிக்க முடியல. நீ பாத்துச் சொல்லு. எந்த ஜாயிண்ட்?"

திருப்பிப் பார்த்தேன். எந்த இடத்தைத் தொட்டுக் காட்டியிருந்தாலும் நம்பியிருப்பாள். சாகிறவரை நம்பியிருப்பாள். நான் தப்பித்திருப்பேன். ஒரு கணம் என் விரல் போகவும் போனது. அந்த விரலை வெட்டிப்போட்டாலும் தகும்.

"எல்லா ஜாயிண்ட்டும் நல்லாத்தான்டி இருக்கு" என்றேன். பிறகு அழித்த வரியைச் சொன்னேன். அவள் அப்பாவிடம் நான் சொன்ன பொய்யைச் சொன்னேன். இன்டர்வியூவைச் சொன்னேன்.

அவள் அழவில்லை. அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அதுவும் இல்லை.

"அப்ப மணி என்ன இருக்கும்?"

"பத்து இருபத்திரண்டு."

தலையை ஆட்டினாள். போர்டை என்னிடமிருந்து வாங்கி, ஈயம் வைத்த பக்கத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவிப் பார்த்தாள்.

"வேல கெடச்சுதா?"

"கெடச்சுது."

உள்ளே அவளுடைய அம்மா யாருக்கோ தண்ணீர் மொண்டு கொடுக்கிற சத்தம் கேட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் நான் எழுந்து, பழக்கதோஷத்தில், "போயிட்டு..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"எழவு வீட்டுல போயிட்டு வரேன்னு சொல்லக் கூடாது, ஃபஹ்மிதா" என்றாள் எழில். மூன்று வருஷத்தில் அவள் என்னை முழுப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "சொல்லாமப் போ."