ஒரு பொடியன் உயரம்

...கைப்பிடியை எடுத்துவிட்டால் பிள்ளை அந்தக் கணினிப் பெட்டியை எதைப் பிடித்துத் தூக்கும், காதைப் பிடித்தா என்று அவள் கேட்டதற்கு அத்தனை பேரும் சிரித்தார்கள், சிரித்துவிட்டுக் கைப்பிடியை எடுத்துவிட்டார்கள், இதுதான் இந்த அலுவலகத்தின் லட்சணம், சிரிப்புக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. பைல போட்டுக்கிட்டா போச்சு மேடம், கைப்பிடி எதுக்கு என்றான் கொள்முதல் அதிகாரி, அவனுக்குக் கத்தரிக்கோல் என்று பெயர் வைத்ததே அவள்தான், பெயர் எப்படியோ அவன் காதுக்குப் போய், அதை அவன் பாராட்டாக எடுத்துக்கொண்டு இன்னும் உற்சாகமாக வெட்டுகிறான், இந்த மாதிரி ஆளை என்ன செய்ய... நல்ல பை வைத்திருக்கிற பிள்ளைக்கு வீட்டில் நல்ல கணினியும் இருக்குமே, இது மற்றப் பிள்ளைக்கு அல்லவா, கையில் தூக்கிக்கொண்டு வெயிலில் நடக்கிற பிள்ளைக்கு, வீட்டில் மின்சாரம் வரும் போகும் என்றிருக்கிற பிள்ளைக்கு, இதைச் சொல்லிச் சொல்லியே அவளுக்கு வாய் வலித்துப் போயிற்று. ஆளுக்கொரு முறை தலையாட்டுவார்கள், அடுத்த கூட்டத்தில் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். இப்போது அந்தக் கூட்ட அறைக்கு வெளியே, உட்கார்ந்தவரை உள்ளே இழுத்துக்கொள்கிற சோபாவில், மடியில் துணிப்பையும் பக்கத்தில் மகனுமாக உட்கார்ந்திருக்கிறாள், வரவேற்பு மேசைப் பெண் மறுபடியும் 'இதோ, அஞ்சே நிமிஷம் மேடம்' என்றுவிட்டுத் தன் நகத்தைப் பார்க்கிறாள், உள்ளே யாரோ சிரிக்கிறார்கள், எதற்கு, இன்றைக்கு எதை வெட்டினார்களோ.

உள்ளே இன்று முடிவாகப் போவது விசைகளின் அளவு. வெளியே யாரிடமாவது சொன்னால் இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்பார்கள், ஆனால் விசை பெருத்தால் விசைப்பலகை பெருக்கும், பலகை பெருத்தால் பெட்டி, பெட்டி பெருத்தால் எடை, எடையை யார் தூக்குவது, நிறுவனம் அமர்த்தியிருக்கிற ஆலோசகரா வந்து தூக்குவார். சாயங்காலம் அச்சு செய்கிற பட்டறைக்கு வரைபடம் போயாக வேண்டும், இரும்பில் வெட்டிவிட்டால் வெட்டியதுதான், பிறகு அந்த அச்சிலிருந்து லட்சக்கணக்கில் ஒரே மாதிரிப் பெட்டிகள் வந்து விழும், ஐயோ தப்பாகிவிட்டதே என்று அப்போது யார் அழுதாலும் எடுபடாது. முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஒரே ரப்பர் விரிப்பில் சின்னச் சின்ன விசைகள், தண்ணீர் கொட்டினாலும் மண் விழுந்தாலும் துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். அதைக் கொண்டுபோய்ப் பெரியவர் கையில் கொடுத்தாள், பெரியவர் என்றால் நிறுவனத்தின் தலைவர், அவர் தன் பெயரை அடித்துப் பார்த்தார், ஏன்தான் எல்லாரும் முதல் வேலையாகத் தன் பெயரையே அடித்துப் பார்க்கிறார்களோ, ஒரு எழுத்தைத் தட்டினால் இரண்டு விழுந்தது, 'என்னம்மா, ரொம்ப நெருக்கமா இருக்கே' என்றார். சரி, கொஞ்சம் பெரிதாக்கினார்கள். அடுத்து வங்கியிலிருந்து ஒருவர் வந்தார், அவரும் தன் பெயரை அடித்தார், அவருக்கும் நெருக்கம், இன்னும் கொஞ்சம் பெரிதாயிற்று. பிறகு அந்த ஆலோசகர், விரலில் ஒரு மோதிரம், அந்த மோதிரமே ஒரு விசை அளவு இருக்கும்... விரல் தடியா இருந்தா அது உங்க பிரச்சினை சார், பெட்டியோட பிரச்சினை இல்ல என்று அவள் சொன்னாள், மனத்துக்குள் சொன்னாள், வெளியே பாத்துக்கலாம் சார் என்றாள். குழந்தைகளுக்கான கணினி என்று மூடியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, தட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் அத்தனை பேரும் வழுக்கைத் தலைகள். பெட்டி ஊதிக்கொண்டே போயிற்று, எடையைக் குறைக்க பேட்டரியில் கைவைத்தார்கள், செலவைக் குறைக்கக் கைப்பிடியில் கைவைத்தார்கள், எல்லாம் எதனால், நாலு பெரிய மனிதர்களுக்குத் தங்கள் பெயரைப் பிழையில்லாமல் அடிக்க வேண்டியிருந்ததனால்.

குழந்தையைப் பார்க்காமலா வடிவமைத்தீர்கள் என்று யாரும் அவளைக் கேட்டுவிட முடியாது. அவர்கள் குழுவுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு குழந்தை உண்டு, இதோ உட்கார்ந்திருக்கிறானே, இவன்தான். ஒன்றாம் வகுப்பு விடுமுறையில் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கூட்டிவந்தாள், வந்த இடத்தில் மின்சுற்று பார்க்கிறவர் 'வாடா பொடியா' என்று தூக்கி மேசைமேல் உட்காரவைத்தார், பச்சைக் களிமண்ணில் அவன் கையை அழுத்தி அச்சு எடுத்தார்கள், சுவரோரம் நிறுத்தி இடுப்புக்கு ஒரு கோடு, தோளுக்கு ஒரு கோடு, அவனுக்கு ஒரே கூச்சம், நெளிந்து நெளிந்து சிரித்தான். அன்றிலிருந்து அவன் பொடியன், கொஞ்ச நாளில் அது பெயராகக்கூட இல்லை, அளவாகிவிட்டது. கீழே போட்டு உடைகிறதா என்று பார்க்கும் சோதனையா, 'ஒரு பொடியன் உயரத்துலேர்ந்து போடுப்பா' என்பார்கள், சுவரிலுள்ள இடுப்புக் கோட்டிலிருந்து போடுவார்கள். மூடி திறக்க எவ்வளவு பலம் வேண்டும், பொடியன் பலம். அரைப் பொடியன், முக்கால் பொடியன் என்றெல்லாம் பேச்சு, வெளியாள் யாராவது கேட்டால் இவர்களுக்குக் கழன்றுவிட்டதென்று நினைத்திருப்பார்கள். வேறு நிறுவனங்களில் எவனோ எங்கேயோ எடுத்த சராசரிக் கணக்கை வைத்து வேலை செய்வார்கள், நமக்கு உயிரோடு ஒரு பிள்ளை இருக்கிறது என்று அவளுக்கு உள்ளூரப் பெருமைதான், அந்தக் களிமண் கையைக் காகிதம் பறக்காமலிருக்கத் தன் மேசையில் வைத்திருக்கிறாள், தினமும் அதன்மேல் கைவைத்துத்தான் யோசிப்பாள். இவன் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டதே அந்த முதல் பெட்டியில்தான், பார்க்காமலே தட்டுவான், பிறகு அது சோதனைக்கென்று போய் உடைந்து, பாகம் பாகமாகி... ஆகவே இன்றைக்குப் பேச்சே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள். உள்ளே போனதும் பெரிய விசைப் பெட்டியைப் பொடியன் கையில் கொடுப்பது, பிறகு சின்ன விசைப் பெட்டி, பழைய விசைப்பலகையைப் புது உடம்பில் பொருத்தியது, நேற்றுத்தான் தயாராகி இன்று காலை கைக்கு வந்தது, அவன் சரசரவென்று தட்டுவான், அத்தனை வழுக்கைகளும் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கட்டும்.

சோபா ஆடியது. அவன் காலை ஆட்டுகிறான். ஆட்டாதடா என்றாள், நிறுத்தினான், மறுபடி ஆட்டினான். 'இன்னும் எவ்ளோ நேரம்மா?' 'அஞ்சு நிமிஷம்.' 'அந்த அக்காவும் அதையேதான் சொல்றாங்க.' வாய்க்கு ஒன்றும் குறைச்சலில்லை, அப்பாவைக் கொண்டு பிறந்திருக்கிறான். அந்த அப்பாவும் காலையில் சும்மா இருந்தாரா, லீவு நாள்ல அவன எதுக்கு இழுத்துட்டுப் போற, ஊர்ல வேற பிள்ளையே இல்லையா என்றார் பல் தேய்த்துக்கொண்டே, வேற எந்தப் பிள்ளைக்குங்க இந்தக் கீபோர்டு தெரியும் என்று இவள் கத்தினாள், காலங்கார்த்தாலே கத்தியிருக்க வேண்டாம், ஆனால் மனிதர் ஒரு மாதிரிப் பார்த்தார், ஏதோ சொல்ல வந்து விழுங்கிய மாதிரி, என்ன சொல்ல வந்தார்... விடு, அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை. சும்மா உட்கார்ந்து காலாட்டுவதற்கு ஒரு தடவை தட்டிப் பார்க்கட்டுமே, கை பழகினாற்போலிருக்கும். பையிலிருந்து எடுத்து அவன் மடியில் வைத்தாள். இந்தா, நாலு வரி அடிச்சுப் பாரு, உள்ள போய் முழிக்கக் கூடாது. அவன் ஆவலோடு வாங்கிக்கொண்டான், ஐ, பழசு என்றான், மூடியைத் திறந்து மோந்துகூடப் பார்த்தான்.

தட்டினான். திரையில் விழுந்ததைப் பார்த்ததும் அவளுக்குச் சுருக்கென்றது, எழுத்தா அது, ஒன்றுக்கு இரண்டாய், நடுவில் வேண்டாத புள்ளி, கோடு, கலவரம். ரப்பரை ஒழுங்காக ஒட்டவில்லை, நேற்றே நினைத்தாள், அந்தத் தொழில்நுட்பக்காரப் பையனிடம் படித்துப் படித்துச் சொன்னாள், அவசரத்தில் கோணலாய் ஒட்டியிருக்கிறான், இன்றைக்குப் பார்த்தா... வாங்கி ஓரத்தைத் தடவிப் பார்த்தாள், நேராகத்தான் இருந்தது. மெதுவா அடி. மெதுவாக அடித்தான், அதேதான். கவனமா அடிடா, விளையாடாத. 'விளையாடலம்மா' என்றான், குரலில் கொஞ்சம் கோபம், 'ரொம்ப நெருக்கமா இருக்கும்மா.' பெரியவர் சொன்ன அதே வார்த்தை, அதே நெருக்கம், தன் பிள்ளை வாயிலிருந்து... அப்போதுதான் திரையை விட்டுவிட்டு அவன் கையைப் பார்த்தாள். கட்டைவிரல் ஒரே நேரத்தில் இரண்டு விசைகளை மூடிக்கொண்டிருந்தது, சுண்டுவிரலுக்கு இடமில்லாமல் பெட்டிக்கு வெளியே தொங்கியது, மணிக்கட்டில் எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது, சட்டைக் கை அங்கே வரை எட்டவில்லை. யாருடைய கை இது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கை இத்தனை பெரிதா என்று ஒரு கணம் உண்மையாகவே நினைத்தாள், பிறகுதான் உறைத்தது, ஒன்றாம் வகுப்பு எங்கே, இப்போது ஆறாம் வகுப்பு. வருஷா வருஷம் பள்ளி திறக்கும்போது பெரிய அளவில் ஷூ வாங்கத் தெரிகிறது, சட்டை வாங்கத் தெரிகிறது, அதே தலைக்கு இது மட்டும் எப்படி எட்டாமல் போயிற்று. பெட்டி ஆரம்பப் பள்ளி முடியும்வரை தாங்க வேண்டும் என்று முதல் பக்கத்தில் எழுதியவளே அவள்தான், கீல் தாங்குமா, மூலை தாங்குமா, திரை தாங்குமா என்று போட்டு போட்டு உடைத்துப் பார்த்தார்களே, அத்தனை வருஷமும் பிள்ளை அதே அளவில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கும் என்றா நினைத்தார்கள். ஆமாம், அப்படித்தான் நினைத்தார்கள். ஒருவர்கூட, அவள்கூட, அவனை மறுபடி அந்தச் சுவரோரம் நிறுத்திப் பார்க்கவில்லை.

அதனால் என்ன, ஆறு வயதுப் பிள்ளைக்குச் சின்ன விசைதானே சரி, அது பொய்யாகிவிடுமா, ஆகாது, ஆனால் உள்ளே இவனைப் பார்த்தால் என்ன சொல்வார்கள், பாருங்க மேடம், உங்க பையனுக்கே முடியல என்பான் கத்தரிக்கோல், பெரியவர் பெருந்தன்மையோடு சிரிப்பார், அத்தோடு முடிந்தது, சாயங்காலம் இரும்பு வெட்டப்பட்டுவிடும். வேறு பிள்ளைக்கு இப்போது எங்கே போவது. அவள் வாய் அவளைக் கேட்காமலே பேசியது. 'விரல ஒடுக்கிக்கிட்டு அடிச்சுப் பாருடா. நுனியால. முழங்கைய உடம்போட ஒட்டி வெச்சுக்க.' சொல்லி முடித்தபின்தான் காதில் விழுந்தது. இத்தனை வருஷமாக யாரைத் திட்டிக்கொண்டிருந்தாள், ஆளுக்குத் தக்கபடி பெட்டியைச் செய்யச் சொன்னால் பெட்டிக்குத் தக்கபடி ஆளைச் செய்கிறார்கள் என்று. இப்போது யார் செய்கிறது. அவன் விரல்களை மடக்கினான், முழங்கைகளை விலாவோடு ஒட்டினான், தோள்கள் இறங்கின, கழுத்து உள்ளே போயிற்று, சோபாவில் இன்னும் கொஞ்சம் புதைந்தான், தட்டினான், ஒரு வரி பிழையில்லாமல் விழுந்தது. அவளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான், தணிந்த குரலில், வரவேற்புப் பெண்ணுக்குக் கேட்காமல் சொன்னான், 'கவலப்படாதம்மா, நான் சின்னப் பையன் மாதிரி அடிச்சுக் காட்டிடறேன். அவங்களுக்குத் தெரியாது.' இத்தனை கச்சிதமாக இவன் எங்கே பழகினான், இது இப்போது வந்ததில்லை, இவன் இப்படி உட்கார்வதை அவள் பார்த்திருக்கிறாள், சாப்பாட்டு மேசை முழுக்க அவளுடைய வரைபடங்கள் பரந்து கிடக்க, மூலையில் ஒரு தட்டு வைக்க மட்டும் இடம் ஒதுக்கிக்கொண்டு, தோளைக் குறுக்கிச் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போவானே... பார்த்திருக்கிறாள், எத்தனையோ நாள், சமர்த்துப் பிள்ளை என்று நினைத்திருக்கிறாள், பெருமையாகப் பக்கத்து வீட்டில் சொல்லிக்கூட இருக்கிறாள்.

'வாங்க மேடம், உள்ள கூப்பிடறாங்க' என்றாள் வரவேற்புப் பெண். கதவு திறந்தது, குளிர்ந்த காற்றும் காபி வாசனையும் வந்தன, ஓவல் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து கத்தரிக்கோல் கையை ஆட்டி, 'அட, நம்ம பொடியனா, வாடா வாடா' என்று கூவினான், அவனுக்கும் இவன் எழுந்து நிற்கும்வரை இவன் வளர்ந்தது தெரியப் போவதில்லை. மகன் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தான், முழுதாக எழவில்லை, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, முதுகை வளைத்து, அவள் தோளுக்குக் கீழே தலை வரும்படி பார்த்துக்கொண்டான், சரியா என்பதுபோல் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தான். நிமிர்ந்து நில்லுடா என்று சொல்ல வேண்டும், இரண்டே வார்த்தை, சொன்னால் உள்ளே என்ன நடக்கும் என்று தெரியும், சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்றும் தெரியும், உதட்டைப் பிரித்தாள், 'என்னம்மா நிக்கறீங்க, வாங்க' என்றது பெரியவரின் குரல், அவன் அப்படியே குனிந்த வாக்கில் காத்துக்கொண்டிருந்தான்.