ஆற்றுக் கதைக்குள் போன அபிதா

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம் பார்க்கும் ராஜகுமாரின் மூன்று வயது மகள் அபிதா, ஒரு ஜூலை மாதக் காலையில், தன் தாய் ரெஜிலா வாசித்துக்கொண்டிருந்த நாவலுக்குள் நடந்து போனாள். மழை விட்டிருந்தது. ஷீட் விலை முந்தின நாளைவிடச் சற்று ஏறியிருந்தது.

ரெஜிலா கல்யாணத்துக்கு முன்பு வாரம் ஒரு புத்தகம் முடித்தவள். அபிதா பிறந்ததும், இவள் பள்ளிக்கூடம் போவதற்குள் கிளை நூலகத்தின் ஜன்னலோர அலமாரியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வாசித்துவிடுவது என்று முடிவெடுத்தாள். முதலில் கைக்கு வந்தது ஒரு பெரிய ஆற்றையும் அதில் வள்ளம் ஓட்டுகிறவனையும் பற்றிய தடித்த நாவல். அபிதா தவழத் தொடங்கியபோது திறந்த அந்தப் புத்தகத்தில், அவள் நடந்து, பேசி, அவளுக்கு ஒரு தம்பியும் பிறந்த பிறகும் பாதிதான் தாண்டியிருந்தது. ஒரு பத்தி தொடங்கினால் குக்கர் கூவும். அது அடங்கினால் கைப்பிள்ளை அழும். விட்ட இடத்தைத் தேடுவதிலேயே காலம் போயிற்று. நூலகர் பகவதியப்பன் முகம் சுளிக்காமல் தவணையை நீட்டிக்கொண்டே வந்தார். ராஜகுமார்தான் சாப்பிடும்போதெல்லாம், "இத வாசிச்சி கலெக்டராவா ஆகப்போற?" என்று கேட்பான்.

அன்று அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தபோது, தரையில் விரிந்து கிடந்த புத்தகத்தின் அருகே அபிதாவின் ஒரு செருப்பு மட்டும் இருந்தது. கட்டிலுக்கடியில் பார்த்தாள், புறவாசலில் பார்த்தாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குள்ளும் பார்த்தாள். திரும்பி வந்தபோதுதான் கண்ணில் பட்டது. விட்ட இடத்துக்கு அடுத்த வரியில், மஞ்சள் உடுப்பு போட்ட ஒரு சின்னப் பிள்ளை படகுத்துறையில் தனியாக நின்றது என்று அச்சாகியிருந்தது.

அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டு ஜாஸ்பின் ஓடிவந்தாள். கடையிலிருந்து ராஜகுமார் வந்தான். புத்தகத்தைப் பிடுங்கிக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினான். அங்கே பிள்ளை இல்லை. அதற்குள் ரெஜிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு பழைய இடத்தைத் தேடிப் பிடித்தால், பிள்ளை துறையை விட்டு வள்ளத்தில் ஏறியிருந்தது. ரெஜிலாவின் கண் போகும் வழியில்தான் அபிதா வருவாள், கண் விலகினால் யாரோடாவது போய்விடுவாள் என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கியது. ஜாஸ்பின் போன் செய்ய, நூலகத்தைப் பூட்டிவிட்டு வந்த பகவதியப்பன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கடைசிக்கு முந்தின அத்தியாயத்துல வெள்ளம் வரும், மக்கா. வள்ளம் கவிழும்."

"அப்பம் வாசிக்காண்டாம். மூடி வை," என்றான் ராஜகுமார்.

"வாசிக்கலேன்னா வெள்ளம் வராது. எனக்க பிள்ளையும் வராது," என்றாள் ரெஜிலா. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினாள்.

ஜாஸ்பின் தெருவில் இறங்கி வீடு வீடாகச் சொன்னாள். ஷீட் அடிக்கிற மிஷின் நின்றது. மீன்காரர் ஹாரன் அடிக்காமல் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனார். அம்மாவான பிறகு முதல்முறையாக ரெஜிலா ஒரு அத்தியாயத்தை எழுந்திருக்காமல் வாசித்தாள். அதில் வள்ளக்காரன் பிள்ளைக்கு மரச்சீனிக் கிழங்கும் மீனும் பிசைந்து ஊட்டினான். பிள்ளை பசியாறியதைக் கண்டு ரெஜிலாவுக்குக் கண்ணீர் வந்தது. துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

அத்தியாயங்கள் தாண்டிச் சாயங்காலம் வெள்ளம் வந்தபோது காகிதம் நமத்து எழுத்துகள் அசையத் தொடங்கின. அதே நேரம் கைப்பிள்ளை விழித்து வீறிட்டது. ஜாஸ்பின் தூக்கி வந்து கொடுக்க, கண்ணை எடுக்காமல் ஒரு கையால் வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள். மறு கையின் விரல் வரியை அழுத்திப் பிடித்திருந்தது. எப்போது சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியாது. வள்ளம் ஒருபுறம் சரிந்தது. வள்ளக்காரன் பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கினான். பிள்ளை என்ற சொல்லோடு பக்கம் முடிந்தது.

விரலை எடுத்தால் வரி நழுவிவிடும். "திருப்புங்க," என்றாள்.

அதுவரை அவளுக்காக ஒரு பக்கம்கூடத் திருப்பியிராத ராஜகுமார் குனிந்தான். தாளின் ஓரத்தைப் பிடித்தான். "எப்பம்?"

"இப்பம்."

அவன் திருப்பினான். இரண்டு வாளி அளவு கலங்கல் தண்ணீரோடு அபிதா தரையில் வந்து விழுந்தாள். பிள்ளை இருமியது, மூக்கைத் துடைத்தது, சுற்றி நின்றவர்களைப் பார்த்தது.

"அம்மா, வள்ளக்கார மாமன் எங்க?"

ராஜகுமார் மகளைத் துண்டால் சுற்றி ரெஜிலாவின் மடியில் வைத்தான். "மீதியையும் வாசி," என்றான். கூடியிருந்த தெருக்காரர்கள் எல்லோரும் நனைந்த தரையில் நின்றபடியே கேட்டார்கள். வள்ளம் போயிற்று. வள்ளக்காரன் அக்கரையில் ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு உயிரோடு கிடந்தான். அபிதா அதைக் கேட்ட பிறகுதான் தூங்கினாள்.

அவள் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது அலமாரியில் பாதிக்குமேல் மீதி இருந்தது. இப்போதும் இருக்கிறது. விடுமுறை நாட்களில் அவள் காலையில் புத்தகத்துக்குள் போய்ச் சோற்று நேரத்துக்குத் திரும்பிவிடுகிறாள். சில சமயம் தம்பியையும் கூட்டிப்போகிறாள். தலையில் மணலோடு வருவார்கள், ஒருமுறை ஆட்டுக்குட்டியோடு வந்தார்கள். புத்தகம் மாற்ற ராஜகுமார்தான் நூலகத்துக்குப் போகிறான். "இதுல தண்ணி உண்டா?" என்று கேட்கிறான். உண்டு என்று பகவதியப்பன் சொன்னால், அன்று கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்து, பக்கம் திருப்ப ரெஜிலாவின் அருகில் உட்கார்ந்துகொள்கிறான்.