சும்மா இருக்கிறார்

என் கணவர் படித்த கல்லூரியில் ஆண்டுக்கு ஒரு முறை மலர் ஒன்று போடுவார்கள். பழைய மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள், என்ன கிழிக்கிறார்கள் என்று ஆளுக்கு இரண்டு வரி. அதைப் படித்தால் அந்தக் கல்லூரியில் மக்கு ஒருவன்கூடப் படிக்கவில்லை என்று தோன்றும். ஒருவர் துணைத் தலைவர், ஒருவர் முதுநிலைத் துணைத் தலைவர், இன்னொருவர் மூன்று கண்டங்களுக்குப் பொறுப்பு. இத்தனை பேர் பொறுப்பில் இருந்தும் உலகம் ஏன் இந்த லட்சணத்தில் இருக்கிறது என்று ஒரு முறை அவரிடம் கேட்டேன். பதில் இல்லை. விடுதியில் அவருக்குப் ‘பூட்டு’ என்று பட்டப்பெயர் வைத்தவன் விவரமானவன்.

பூட்டுக்கு லிப்ட் கம்பெனியில் வேலை. புதிதாகப் பொருத்திய லிப்டில் ஏறி, மேலும் கீழும் போய், ஏதாவது சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டு, சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவார். போன வருடம் அந்தக் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியது. கட்டடத்தை வாங்கியது, வண்டிகளை வாங்கியது, வாசலில் இருந்த பூந்தொட்டிகளைக்கூட வாங்கியது. இவரை மட்டும் வேண்டாம் என்றுவிட்டது.

அன்றிலிருந்து வீட்டில்தான். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் அடுப்பு எரிகிறது, அதில் குறையில்லை. குறை வேறு. வேலை போனதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நண்பர்கள் கூப்பிட்டால் எடுக்க மாட்டார். போன் அடித்து ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு எங்களிடமும் பேச்சுக் குறைந்தது. சமையலறை அலமாரிக் கதவுகளுக்கெல்லாம் எண்ணெய் போட்டார். அவையும் வாயை மூடிக்கொண்டன. எனக்குப் பயம் வந்துவிட்டது. சாமான்கள்கூடச் சத்தம் போடாத வீட்டில் மனிதர்கள் எப்படிப் பிழைப்பது? இந்த ஆள் இப்படியே உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு விடுவாரோ என்று ராத்தூக்கம் கெட்டது.

அந்தச் சமயம் பார்த்து மலருக்குச் செய்தி கேட்டு மின்னஞ்சல் வந்தது. தொகுப்பவர் ‘ஸ்பீக்கர்’, விடுதியில் அறிவிப்புகளை மாடிக்கு மாடி கத்திச் சொன்னவர். என் கணவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டு வரி எழுதுவார், அடிப்பார், மறுபடி எழுதுவார்.

“‘தனி ஆலோசகர்’னு போடலாமா?” என்றார் ஒரு நாள்.

மகள் பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். “ஆலோசகர்னா என்னப்பா?”

“யாராவது கேட்டா யோசனை சொல்றவங்க.”

“உங்களை யாருப்பா கேட்டாங்க?”

அந்தக் காகிதமும் குப்பைக்கூடைக்குப் போனது.

கடைசியில் ஸ்பீக்கர் என் கடைக்கே போன் செய்தார். நான் ஒரு பெரியவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். பலகையின் கடைசி வரி சுத்தமாகத் தெரியாமலே குருட்டாம்போக்கில் எழுத்துகளை அள்ளி விட்டுக்கொண்டிருந்தார். என் தொழிலே இதுதான். தெரியாததைத் தெரியும் என்பவர்களிடம் ‘தெரியலை’ என்ற ஒரு சொல்லை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

“தங்கச்சி, மலர் நாளைக்கு அச்சுக்குப் போகுது. பூட்டு போனையே எடுக்க மாட்டேங்கறான். இப்ப என்னதான் பண்றான்?”

“சும்மா இருக்காரு, அண்ணா.”

“சும்மாவா?”

“சும்மாதான்.”

“சரி, போட்டுடறேன்.”

அவ்வளவுதான் நடந்தது. ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

மலர் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அச்சு பளிச்சென்று இருந்தது. மேலே ‘ஒட்டடைக்குச்சி’, விடுதியில் இவரோடு ஒரே அறையில் இருந்த நெட்டையர்: குழும இயக்குநர், ஓயாத பயணம், இரண்டு விருதுகள். அதற்கு நேர் கீழே என் கணவரின் பெயர். பக்கத்தில்: சும்மா இருக்கிறார்.

“யார் சொன்னது இதை?”

“நான்தான்.”

“ஏன் சொன்னே?”

“கேட்டாரு, சொன்னேன்.”

“மானமே போச்சு.”

“எங்க போச்சு? இங்கதான் இருக்கும், உங்க கூடவே, சும்மா.”

அதற்குப் பிறகு என்னோடு இருந்த கொஞ்சநஞ்சப் பேச்சும் நின்றது. நான் விடவில்லை. அன்று சாயங்காலம் அவருடைய போன் அடித்தபோது எடுத்து அவர் காதிலேயே அழுத்தி வைத்தேன்.

“டேய் பூட்டு!” குரல் எனக்கே கேட்டது. மூன்று கண்டங்களுக்குப் பொறுப்பானவர். “எவ்வளவுடா சேர்த்தே? இங்க அவனவன் நாயா பேயா அலையறான், நீ சும்மா இருக்கேன்னு தைரியமாப் போட்டிருக்கே! சும்மா இருக்கறது சும்மாவாடா?”

“அது… வந்து…” என்றார் இவர்.

“பார்த்தியா, அலட்டிக்க மாட்டேங்கறான்! சரி, காலைல எழுந்து என்னடா பண்ணுவே?”

“அலமாரிக் கதவுக்கு எண்ணெய் போடுவேன்.”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. “கொடுத்து வச்சவன்டா!”

இவர் பேசாமல் இருந்தால் வெட்கப்படுகிறார் என்று எங்களுக்குத் தெரியும். பணம் சேர்த்தவன் என்று நினைத்துவிட்டால் அதே மௌனத்துக்கு அடக்கம் என்று பெயர். அடுத்தடுத்துக் கூப்பிட்டார்கள். துணைத் தலைவர் கூப்பிட்டார், முதுநிலைத் துணைத் தலைவர் கூப்பிட்டார், ஒருவர் மனைவிக்குத் தெரியாமல் குளியலறையிலிருந்து கூப்பிட்டார். எல்லோருக்கும் ஒரே கேள்வி: எப்படிச் சும்மா இருப்பது? கண்டங்கள் மூன்றையும் தாங்குபவர் எண்ணெய்ப் புட்டி வாங்கிவிட்டதாகத் தகவல் வந்தது.

என் கணவருக்கும் சூடு பிடித்துவிட்டது. “அவசரப்படாதே. முதல்ல ஒரு கதவுல ஆரம்பி” என்று ஒருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் போய், “அப்பா, அம்மா காய் நறுக்கச் சொன்னாங்க” என்றாள்.

“இரும்மா, சும்மா இருக்கறதைப் பத்திப் பேசிட்டிருக்கேன். மூச்சு விட நேரமில்ல.”

கடைசியில் ஆலோசகர் ஆகியேவிட்டார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆனால் ஒருவரைக்கூடத் திருத்தவும் இல்லை. பேச்சு வந்துவிட்டது, பூட்டு மட்டும் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒட்டடைக்குச்சி கூப்பிட்டார். இவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் போனை ஒலிபெருக்கியில் போட்டுப் பக்கத்தில் வைத்திருந்தார்.

“பூட்டு, உன்னைப் பார்த்துத்தான்டா முடிவு பண்ணேன். ராஜினாமா எழுதிட்டேன். நாளைக்குக் காலைல கொடுக்கப் போறேன். வீட்டுக் கடன் பாதி நிக்குது, பையனைக் காலேஜ்ல சேர்க்கணும். நின்னா நிக்கட்டும். நீ சும்மா இல்லையா?”

கத்தி நின்றது. இவர் என்னைப் பார்த்தார். பலகையின் கடைசி வரியை அவரே படிக்கட்டும் என்று நின்றேன்.

“டேய்,” என்றார். “கொடுக்காதே.”

“ஏன்டா?”

“நான் சும்மா இருக்கலடா. இருக்க வச்சுட்டாங்க.” வெங்காயத் தோலை ஓரமாக ஒதுக்கினார். “வேலைலேர்ந்து தூக்கிட்டாங்க. போன வருஷமே. நான் ஒண்ணும் சேர்க்கல. இவ கடைல வர்றதுலதான் சாப்பிடறேன். சொல்ல வாய் வரலடா.”

கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. வெங்காயம் பக்கத்திலேயே இருந்தது வசதியாகப் போயிற்று. எனக்கும்தான்.

மகளும் கதவோரம் வந்து நின்றுவிட்டாள்.

“லூசுப்பயலே,” என்றார் ஒட்டடைக்குச்சி கடைசியில். குரல் இயக்குநருடையதாக இல்லை. “போன வருஷம் எத்தனை தடவை உனக்குப் போன் பண்ணேன் தெரியுமா? ஒரு தடவையாவது எடுத்தியாடா?”

“நீ வேலையப் பத்திக் கேப்பேன்னு நினைச்சேன். எதுக்குப் பண்ணே?”

“எதுக்குன்னா?” அவருக்குக் கோபமே வந்துவிட்டது. “சும்மாதான்டா!”

இவர் கத்தியைக் கீழே வைத்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. “அந்த ராஜினாமாவைக் கிழிச்சுப் போடு” என்றார். காகிதம் கிழிகிற சத்தம் போனில் கேட்டது. பிறகு நெட்டையர் விடுதியில் இவர் குறட்டை விட்ட கதையை எடுத்தார். இவர் மறுத்தார். நான் வெங்காயத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டு மீதியை நறுக்கி முடித்தேன்.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. தேடுகிறார். துணைத் தலைவர்களுக்கும் விஷயத்தை அவரே சொல்லிவிட்டார். பாதிப் பேர் அதற்குப் பிறகு கூப்பிடுவதில்லை. ஸ்பீக்கர் மட்டும் பதறிப்போய், அடுத்த மலரில் திருத்தம் போடட்டுமா என்று கேட்டார். அச்சில் ஒரு பிழையும் இல்லை அண்ணா என்று சொல்லிவிட்டேன்.

நேற்று நான் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது போன் அடித்தது. இரண்டாவது மணிக்கு விடாமல் இவர் எடுத்துவிட்டார். மாடிப்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். நான் குளித்துவிட்டு வந்தும் முடியவில்லை.

“யாருங்க?” என்றேன், அவர் வைத்த பிறகு.

“ஒட்டடைக்குச்சி.”

“என்னவாம்?”

“ஒண்ணுமில்ல,” என்றார். “சும்மா.”